"சாப்பிட்டுட்டுப் போங்க": உடல்மொழி பற்றி ஓர் எளிய அறிமுகம்

எனக்குப் பத்து வயதிருக்கும். கல்யாணப் பத்திரிகை வைக்க அம்மாவும் நானும் பெரிய மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா வெளியூர் போயிருந்தார், அத்தை மட்டும் இருந்தார். பத்திரிகை கொடுத்து, தண்ணீர் குடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசி எழுந்தபோது மணி பன்னிரண்டரை. "என்ன அதுக்குள்ள கிளம்பிட்டீங்க, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் அத்தை. நான் மறுபடி உட்காரப் போனேன். அம்மா என் தோளில் கை வைத்து, "இல்ல மதினி, ஒரு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் மூணு மணிக்குத்தான்" என்று சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

தெருமுனை தாண்டியதும் கேட்டேன்: "ஏம்மா, அத்தைதான் சாப்பிடச் சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. வாசப்படியில நின்னுக்கிட்டுல்ல சொன்னாங்க."

யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது சரிதான். அத்தையின் ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. உடம்பு பாதி தெருப்பக்கம் திரும்பியிருந்தது. சாப்பிட வைத்தே தீருவது என்று நினைப்பவர் அப்படி நிற்கமாட்டார். நம் கையில் இருக்கும் பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, நாம் பதில் சொல்வதற்குள் அடுப்படிக்குப் போயிருப்பார். வாய் ஒன்று சொன்னது, நின்ற விதம் வேறொன்று சொன்னது. அம்மாவின் காதில் விழுந்தது இரண்டாவது. அந்த இரண்டாவது பேச்சுக்குத்தான் உடல்மொழி என்று பெயர்.

எதெல்லாம் இதில் சேரும்?

முகம், கண், கை மூன்றும் உடனே நினைவுக்கு வரும். அவற்றோடு எவ்வளவு தள்ளி நிற்கிறோம், எப்படி உட்காருகிறோம், எதை உடுத்தியிருக்கிறோம், யாரைத் தொட்டுப் பேசுகிறோம், கேள்விக்கு எத்தனை நொடி கழித்துப் பதில் சொல்கிறோம் என்பதெல்லாம் சேரும். குரலும் சேரும். குரல் வாயிலிருந்துதானே வருகிறது என்று கேட்கலாம். சொல் வேறு, அதைச் சொல்லும் தொனி வேறு. "இந்த ஞாயித்துக்கிழமை எங்கம்மா வர்றாங்க" என்று கணவன் சொல்கிறார். மனைவியிடமிருந்து "சரி" என்று பதில் வருகிறது. சட்டென்று வரும் "சரி" ஒரு ரகம். இழுத்துக் கீழே இறங்கும் "சரீ..." இன்னொரு ரகம். இரண்டு நொடி இடைவெளி விட்டு "ம்... சரி" என்று வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. எழுத்தில் மூன்றும் ஒரே சொல். வாட்ஸ்அப்பில் ஒற்றைச் "சரி" வந்தால் பலருக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். குரலும் முகமும் இருக்க வேண்டிய இடம் அங்கே காலியாக இருக்கிறது, அதை நம் பயத்தால் நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் இங்கேயே பிரித்து வைத்துவிடலாம். காது கேளாதவர்கள் பேசும் சைகை மொழி, உடல்மொழியில் சேராது. அதற்குச் சொற்களும் இலக்கணமும் தனியாக உண்டு. தமிழைப் போல அதுவும் ஒரு முழு மொழி.

நம் ஊரில் உடல்மொழி பாதி அகராதியிலேயே ஏறிவிட்டது. உதவி கேட்டுப் போன இடத்தில் "கையை விரிச்சுட்டார்" என்கிறோம். அவர் போனிலேயே மறுத்திருந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம். முகம் கொடுத்துப் பேசாதது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது, மூக்கின்மேல் விரல் வைப்பது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது, மார்தட்டுவது, முதுகு காட்டுவது எல்லாம் யாரோ ஒருவர் உடம்பால் செய்து, பிறகு சொல்லாக மாறியவை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட இடையிடையே "ம்" போடுவதற்குக்கூட உம் கொட்டுதல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பாட்டி கதை சொல்லும்போது உம் சத்தம் நின்றால் பேரன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

திருக்குறளில் "குறிப்பறிதல்" என்ற தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இருக்கிறது. 71ஆம் அதிகாரம் அரசன் முன்னால் நிற்கிறவர்களுக்கு, 110ஆம் அதிகாரம் காதலிக்கிறவர்களுக்கு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் பிழைக்கவே முடியாத இடங்கள் இவை இரண்டும் என்று வள்ளுவர் நினைத்திருப்பார் போல.

93 சதவீதம் என்ற கதை

உடல்மொழி பற்றி எந்தப் பயிலரங்குக்குப் போனாலும் ஒரு கணக்கைத் திரையில் போடுவார்கள்: பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடலுக்கு 55. ஆக, நாம் சொல்ல வருவதில் 93 சதவீதம் சொற்களுக்கு வெளியே இருக்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் சப்டைட்டில் இல்லாமல் கொரியத் தொடர் பார்த்தாலும் கதையில் 93 சதவீதம் புரிய வேண்டும். "வெள்ளை மாத்திரை காலையில் சாப்பாட்டுக்கு முன்னால், மஞ்சள் மாத்திரை ராத்திரி மட்டும்" என்பதை மருத்துவர் முகபாவத்திலேயே சொல்லிவிடலாம்.

இந்த எண்கள் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஆய்வில் யாரும் உரையாடவில்லை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். இன்னொன்றில் முகங்களின் புகைப்படங்களையும் சேர்த்தார்கள். பேசுகிறவருக்கு எதிராளி மேல் பிரியமா வெறுப்பா என்பதுதான் கேள்வி. சொல் ஒரு பக்கமும் தொனி இன்னொரு பக்கமும் இழுத்தால் கேட்பவர் எதை நம்புகிறார் என்று பார்த்தார்கள். இந்தக் கணக்கு உணர்ச்சி, விருப்பு வெறுப்பு பற்றிய பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று மெஹ்ரேபியனே எழுதியிருக்கிறார். பயிலரங்குத் திரையில் அந்த வரியை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது சின்ன விஷயம்தான், ஆனால் பயனுள்ளது. சொல்லும் முகமும் ஒத்துப்போகும்போது நாம் முகத்தைத் தனியாகக் கவனிப்பதே இல்லை. இரண்டும் முரண்படும்போது முகத்தை நம்புகிறோம். வாசப்படியில் அம்மா செய்ததும் அதுதான்.

தெரியாமலே பேசும் உடம்பு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரான வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஐந்தும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் எட்டு முறை தட்டும். கூட்டம் கூடியது. 1904இல் ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது.

பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரையின் கண்ணில் படாதபடி மறைத்தாலும் அது தடுமாறியது. விஷயம் இதுதான். கேள்வி கேட்டதும் மனிதர்கள் குளம்பைப் பார்க்க லேசாகக் குனிந்தார்கள், குதிரை தட்ட ஆரம்பித்தது. சரியான எண் வந்ததும் அவர்கள் தலை தம்மை அறியாமல் இம்மியளவு நிமிர்ந்தது, குதிரை நிறுத்தியது. கூட்டல் கழித்தல் எதுவும் அதற்குத் தெரியாது. மனிதர்களைப் படிக்கத் தெரிந்திருந்தது. 1907இல் இதை எழுதி வெளியிட்ட ஃபுங்ஸ்டுக்கு, ரகசியம் தெரிந்த பிறகும் தன் தலை அசைவை முழுக்கக் கட்டுப்படுத்த முடியவில்லை. (குறி சொல்கிறவர்களின் பாதித் திறமை ஹான்ஸின் திறமைதான் என்பது என் எண்ணம்.)

உடம்பு இப்படிக் கசியும் என்பது தெரிந்தவர்கள் அதை மறைக்கவும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பொள்ளாச்சி போன்ற மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இருவர் கைகோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் ஒருவர் விரலை இன்னொருவர் பிடிப்பதுதான் பேரம். எந்த விரல், எத்தனை விரல் என்பது அவர்களுக்குள் இருக்கும் கணக்கு. சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை வெளியே தெரியாது. அப்போது அவர்களின் முகத்தைப் பாருங்கள். ஒருவர் எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். கை பேசுகிறது, முகம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இதற்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு அது வராது. போனில் வழி சொல்லும்போதே "அந்தப் பக்கம் திரும்புங்க" என்று கையை நீட்டுகிறோம். எதிரில் யாருமில்லை, இருந்தும் கை போகிறது. 1998இல் ஜனா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்ற இரு ஆய்வாளர்கள் பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளைகளைக் கவனித்தபோது, அவர்களும் பேசும்போது கையசைத்தார்கள், பார்வையற்ற இன்னொருவரிடம் பேசும்போதுகூட. கையசைவு கேட்பவருக்காக மட்டும் செய்வதில்லை, யோசிக்கவும் அது உதவுகிறதுபோல.

அகராதி போட முடியாது

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டால் மனதை மூடிக்கொண்டார், கண்ணைப் பார்க்காவிட்டால் பொய் சொல்கிறார், மூக்கைத் தொட்டால் மறைக்கிறார் என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுக்கும் புத்தகங்கள் நிறைய. நம் பள்ளிக்கூடத்தில் "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். பெரியவர் முன்னால் கைகட்டி நிற்பவர் மனதை மூடிக்கொண்டவரா, மரியாதை தெரிந்தவரா? அப்பா திட்டும்போது நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்த பையனுக்கு "என்னடா முறைக்கிற?" என்று இன்னொரு அடி விழும். அதே பையன் வளர்ந்து நேர்முகத் தேர்வுக்குப் போனால் "கண்ணைப் பார்த்துப் பேசத் தெரியவில்லை" என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

மடித்துக் கட்டிய வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கிறவர், எதிரே பெரியவர் ஒருவர் வந்தால் பேச்சைக்கூட நிறுத்தாமல் ஒரு தட்டுத் தட்டி அவிழ்த்துவிடுவார். அரை நொடி வேலை, "வணக்கம் ஐயா" என்று சொன்னதற்குச் சமம். எந்த வெளிநாட்டு உடல்மொழிப் புத்தகத்திலும் இது இருக்காது. அதே சமயம், இந்த மரியாதைகள் எல்லாமே விரும்பிக் கொடுத்தவை என்று நினைத்துவிடவும் கூடாது. தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடு என்று சாதியின் பெயரால் சிலருடைய உடம்புக்கு மட்டும் சட்டம் போட்டிருந்த ஊர்கள் இங்கே உண்டு. குனிந்து நிற்கிறவரைப் பார்த்துப் பணிவானவர் என்று முடிவு கட்டும்முன் அவர் ஏன் குனிந்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் நம்முடைய தலையாட்டல். மேலும் கீழும் என்றால் ஆமாம், இடம் வலம் திருப்பினால் இல்லை, இது வரை சிக்கல் இல்லை. (பல்கேரியாவில் இது தலைகீழ்.) தலையை இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறோமே, அதற்கு என்ன பொருள்? சரி, புரிகிறது, கேட்கிறேன், ஆகட்டும் பார்க்கலாம், நீங்கள் சொன்னால் சரி, எதுவாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் மாடிப்படி வேலை செய்த கொத்தனாரிடம், "அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?" என்று கேட்டேன். அழகாகத் தலையைச் சாய்த்தார். நான் சனிக்கிழமை விருந்தாளிகளை வரச் சொல்லிவிட்டேன். அந்தச் சாய்ப்புக்கு "நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு" என்பதற்கு மேல் பொருள் இல்லை என்பது சனிக்கிழமை சிமெண்ட் மூட்டைகளைத் தாண்டி விருந்தாளிகள் ஏறி வந்தபோதுதான் உறைத்தது. தப்பு என்னுடையதுதான். வாய்விட்டு ஒரு வார்த்தை வாங்கியிருக்க வேண்டும்.

தூரத்துக்கும் இதே கதை. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1966இல் மனிதர்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து எழுதினார். மிக நெருங்கியவர்களுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் வரை, நண்பர்களுக்கு 1.2 மீட்டர் வரை, அலுவல் பேச்சுக்கு 3.6 மீட்டர் வரை, அதற்கு அப்பால் மேடைப் பேச்சுக்கான தூரம். அவர் பார்த்தது அமெரிக்காவின் ஒரு பகுதி நடுத்தர வர்க்கத்து மக்களை, அதை அவரே சொல்லியும் இருக்கிறார். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் இந்த அளவுகோலை வைத்தால் நாம் எல்லோரும் ஒருவருக்கொருவர் மிக மிக நெருங்கியவர்கள். ஆனால் அங்கேயும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. உடம்பு ஒட்டிக்கொண்டிருக்கும்போது கண் விலகிவிடுகிறது. ஒருவர் ஜன்னலைப் பார்க்கிறார், ஒருவர் போனைப் பார்க்கிறார், லிஃப்டில் எல்லோரும் மாடி எண்ணைப் பார்க்கிறார்கள். நெருக்கம் ஒரு வழியில் கூடினால் இன்னொரு வழியில் குறைத்துச் சமன் செய்கிறோம் என்று மைக்கேல் ஆர்கைலும் ஜேனட் டீனும் 1965இலேயே எழுதிவிட்டார்கள்.

பொய்யைக் கண்டுபிடிக்கலாமா?

எல்லோருக்கும் பிடித்த கேள்வி இது, பதில் அவ்வளவாகப் பிடிக்காது. சார்லஸ் பாண்ட், பெல்லா டெபாலோ இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். அவற்றில் பங்கேற்ற 24,000க்கும் மேற்பட்டவர்கள் பொய்யையும் உண்மையையும் பிரித்துச் சொன்னதில் சரியாக இருந்தது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்தே ஆபத்தானவர்களை அடையாளம் காண ஒரு திட்டம் இருந்தது. அது பலனளிக்கிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லை, நிதியைக் குறையுங்கள் என்று 2013இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே சொல்லிவிட்டது.

காரணம் சிக்கலானதில்லை. வியர்க்கிறது, குரல் நடுங்குகிறது, கண் அலைகிறது என்றால் அவர் பதற்றத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிற திருடனுக்கும் வியர்க்கும், நம்மை நம்பமாட்டார்களோ என்று பயப்படுகிற அப்பாவிக்கும் வியர்க்கும். உடம்பு "ஏதோ இருக்கிறது" என்று சொல்லும். என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

ஒருவரின் வழக்கத்தை முதலில் பாருங்கள். எந்நேரமும் காலாட்டிக்கொண்டே இருக்கும் நண்பர் காலாட்டுவதில் சேதி எதுவும் இல்லை. அவர் திடீரென்று ஆட்டாமல் உட்கார்ந்திருந்தால் கவனிக்கலாம். பள்ளி விட்டு வந்ததும் பையை மூலையில் விசிறி எறியும் பையன் ஒருநாள் அதை ஒழுங்காக ஆணியில் மாட்டினால் அன்றைக்குத்தான் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அம்மாக்கள் இதில் கெட்டிக்காரர்களாக இருப்பதற்கு உள்ளுணர்வு என்று பெயர் வைக்கிறோம். பத்து வருடமாக ஒரே முகத்தைப் பார்த்த பழக்கம் அது.

ஒற்றை அசைவை நம்பாதீர்கள். அத்தை வாசப்படியில் நின்றது மட்டும் என்றால் காற்றுக்காக நின்றிருக்கலாம். கை நிலையில், உடம்பு தெருப்பக்கம், அடுப்படிப் பக்கம் கண்ணே போகவில்லை என்று மூன்றும் சேர்ந்ததால்தான் அம்மா முடிவுக்கு வந்தார்.

இடத்தையும் பாருங்கள். ஏசி அறையில் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறவருக்குக் குளிராகவும் இருக்கலாம்.

நம் உடம்பைப் பற்றியும் கொஞ்சம். கை காலை விரித்துக் கம்பீரமாக இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோன்களே மாறித் தைரியம் வரும் என்று 2010இல் ஓர் ஆய்வு வந்து உலகம் முழுக்கப் பரவியது. 2015இல் இன்னும் நிறையப் பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. 2016இல் அந்த ஆய்வின் முதல் ஆசிரியரான டேனா கார்னியே, இதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டார். அதனால் நேர்முகத் தேர்வுக்கு முன்னால் கழிப்பறையில் போய் நிற்க வேண்டாம். எதிரில் ஒருவர் பேசும்போது போனைக் கவிழ்த்து வைப்பதும், முகத்தைக் காட்டுவதும், நடுநடுவே ஒரு "ம்" போடுவதும் அதைவிட உதவும். எதிரில் இருக்கும் முகம் பதில் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் ட்ரானிக் 1970களில் கைக்குழந்தைகளிடம் பார்த்தார். விளையாடிக்கொண்டிருந்த அம்மா சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டதும், குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கியது.

சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவது நல்லது. "முகம் ஒரு மாதிரி இருக்கே, என்ன ஆச்சு?" என்று கேட்க நம்மிடம் வாக்கியம் தயாராகவே இருக்கிறது. குற்றம் சாட்டாத கேள்வி, பதில் சொல்லாமலும் அவர் நகர்ந்துவிடலாம்.

அன்று அம்மா கேட்கவில்லை. அத்தைக்கு நாம் சாப்பிடுவதில் இஷ்டமில்லை என்று முடிவு கட்டி, அதன் பிறகு பல வருடம் அந்த வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போனதே இல்லை. என் தங்கை கல்யாணத்தில் பந்தி முடிந்து எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது பழைய பேச்சு வந்தது. அத்தையே ஆரம்பித்தார்: "அன்னைக்குன்னு பாத்து சிலிண்டர் தீந்துபோச்சு. பக்கத்து வீட்டிலயும் ஆளில்ல. உங்கள உக்காரச் சொல்லிட்டு என்னத்த வைக்கப் போறோம்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல மதினி?" என்றார் அம்மா.

"எப்படிச் சொல்றது? மொத மொதல்ல பத்திரிக வைக்க வந்திருக்கீங்க. வாய் வரலியே."